ஸ்னோமொபைல் பயணிக்கு எது நல்ல விடுதி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்ராறியோவில் ஹாலிபேர்ட்டன், மஸ்கோக்கா, பரி சவுண்ட் பக்கமும், கியூபெக்கில் சகனே, கஸ்பே பக்கமும் பனிமேல் ஓடும் சிறு வண்டியான ஸ்னோமொபைலில் இரண்டு மூன்று நாள் சுற்றிவர நம்மவர்களும் புறப்படத் தொடங்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம், ஒன்ராறியோவின் சிற்றூர்களில் மோட்டலும் காஸ் ஸ்டேஷனும் நடத்தும் தமிழர்களும் இருக்கிறார்கள். தங்கப் போகிறவர்களுக்கும் தங்க இடம் கொடுப்பவர்களுக்கும் சேர்த்தே இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

விடுதி தேடும்போது அறையின் படத்தையும் நட்சத்திரக் கணக்கையும் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறோம். இந்தப் பயணத்துக்கு அது போதாது. ஜனவரியில் பின்னேரம் நாலரை, ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அந்த நேரத்தில் வந்திறங்குகிறவர் மறுநாள் காலை ஏழரைக்குக் காய்ந்த கையுறையோடும், ஓடக்கூடிய வண்டியோடும், நிறைந்த பெற்றோல் தாங்கியோடும் புறப்பட வேண்டும். இடைப்பட்ட அந்தப் பதினான்கு, பதினைந்து மணி நேரத்தில் விடுதி என்ன செய்து தருகிறது என்பதை வைத்தே அதன் வரவேற்பை அளக்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது, "உலர்த்தும் அறை இருக்கிறதா?" என்பதுதான். எட்டுப் பேர் வந்திறங்கினால் எட்டு மேலாடை, எட்டுத் தோள்பட்டிக் காற்சட்டை, எட்டுத் தலைக்கவசம், பதினாறு சப்பாத்து, பதினாறு கையுறை. எல்லாமே ஈரம். வெளியே ஒட்டியிருக்கும் பனியை உதறிவிடலாம். உள்ளே ஊறிய வியர்வைதான் தொல்லை. இவற்றைப் படுக்கையறைக் கதிரையிலும் குளியலறைக் கம்பியிலும் தொங்கவிட்டால் விடியும்போது ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும், கையுறை ஈரமாகவே இருக்கும். வெப்பம் கொடுத்தால் மட்டும் துணி காயாது. துணியை விட்டுக் கிளம்பிய ஈரக் காற்றை வெளியே தள்ள வழி வேண்டும். மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் அறை ஒன்று, 25 முதல் 30 பாகை வெப்பம், காற்றைச் சுழற்ற ஒரு விசிறி, வெளியே இழுத்துத் தள்ள இன்னொரு விசிறி, ஆளுக்கு இரண்டு பலமான கொளுக்கி, சப்பாத்தைக் கவிழ்த்து மாட்ட முளைகள். எட்டுப் பேருக்கு இவ்வளவு போதும். கொதிகலன் இருக்கும் அறையையே இதற்குப் பயன்படுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நெருப்புச் சுவாலைக்குப் பக்கத்தில் துணியைக் குவிப்பது ஆபத்து, அது வேண்டாம்.

காயவைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சப்பாத்தின் கம்பளி உள்ளுறையைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். உள்ளே வைத்தபடியே காயவிட்டால் விரல் நுனிப் பக்கம் விடியும்வரை காயாது. விடிந்ததும் சப்பாத்துக்குள் காலை விடுமுன் அந்த நுனியைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் கடைசியாகப் போகும் இடம் அதுதான். கையுறையை வாய்ப்பக்கம் காற்றை நோக்கி இருக்கும்படி முளையில் செருகுங்கள். தலைக்கவசத்தை ஹீற்றருக்கு மேல் கவிழ்த்து வைக்கவே கூடாது. தலையைக் காப்பது உள்ளே இருக்கும் நுரைப் பகுதி. சூட்டில் அது உருக்குலைந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. சுவரோர மின் ஹீற்றரில் போட்ட கையுறையின் நீர்புகா உறை பசைவிட்டுப் பிரியும். சில நேரம் தீயும் பிடிக்கும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்ராறியோவின் ஸ்னோமொபைல் பாதைகளில் சட்டப்படி உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். மைனஸ் 20 பாகைக் குளிரில் அந்த வேகத்தில் போனால் உடம்புக்கு அது மைனஸ் 35 போல இருக்கும். அந்தக் குளிரில் வெறும் தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகலாம். ஈரக் கையுறைக்குள் இருக்கும் விரலும் ஏறக்குறைய வெறும் விரல்தான். தலைக்கவசத்தின் உள்துணி ஈரமாக இருந்தால், மூச்சோடு அந்த ஈரமும் சேர்ந்து முகக் கண்ணாடியில் படிந்து உறையும். முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்குக்கூடத் தெரியாது. குழுவில் ஒருவருக்கு இப்படி ஆனால் எல்லோருடைய பயணமும் நின்றுவிடும்.

அடுத்தது வண்டி. இரவு வண்டியை எங்கே, எப்படி விடுவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். ஓடி வந்த வண்டியின் அடிப்பக்கம் முழுவதும் பனி அப்பியிருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் வண்டியடியில் இருக்கும் குளிரூட்டித் தகடுகளின் சூட்டில் அந்தப் பனி உருகும். அரை மணியில் மறுபடி உறையும். உறையும்போது அடியில் சுழன்று வண்டியை நகர்த்தும் ரப்பர் ட்ராக், சக்கரங்கள், முன்பக்கச் சறுக்குச்சட்டமான ஸ்கீ எல்லாவற்றையும் ஒன்றோடொன்றும் தரையோடும் ஒட்டிவிடும். காலையில் இதைக் கவனிக்காமல் எஞ்சினை முடுக்கினால் ட்ராக் அசையாது, அதை இழுக்கும் பெல்ட் மட்டும் வழுக்கிச் சுழன்று கருகிப் போகும். காட்டு நடுவே பெல்ட் அறுந்து நிற்பவர்களில் பலருக்கு அந்த வினை காலையில் விடுதி முற்றத்திலேயே தொடங்கியிருக்கும்.

தடுப்பது சுலபம். நிறுத்துமுன் இறுகிய பனியில் கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் ஓட்டிப் பனியை உதிர்க்க வேண்டும். ஸ்கீ இரண்டின் கீழும் ட்ராக்கின் கீழும் மரச்சட்டம் வைத்து வண்டியை அதன்மேல் ஏற்றி விட வேண்டும். சமதரை என்றால் கைத்தடையைப் போடாமல் விடுவது நல்லது. ஈரமான தடைப்பட்டை வட்டத்தகட்டோடு உறைந்துவிடும். காலையில் எஞ்சினைத் தொடுமுன் ஸ்கீயைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டி, பின்பக்கத்தை ஒருவர் தூக்கி இறக்கி ட்ராக்கை விடுவிக்க வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு நிமிட வேலை. விடுதிக்காரர் முற்றத்தில் இருபது மரச்சட்டம் அடுக்கி வைத்தால் போதும். அதைப் பார்த்ததுமே இவர் விஷயம் தெரிந்தவர் என்று பயணி புரிந்துகொள்வார்.

முற்றத்தைத் தார் தெரியும்வரை வழித்துத் துப்புரவாக வைப்பதுதான் மரியாதை என்று நினைக்கும் உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார் நிறுத்தும் பக்கத்தை அப்படி வழியுங்கள். ஸ்னோமொபைல் வரும் பக்கத்தில் பனியை விட்டு வையுங்கள். ட்ராக் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளுக்குப் பனிதான் எண்ணெய், எஞ்சினுக்கும் பனிதான் குளிரூட்டி. வெறுந்தாரில் நூறு மீற்றர் இழுபட்டாலே பட்டையும் ஸ்கீயின் கீழ் உள்ள கார்பைட் முனையும் தேயத் தொடங்கிவிடும்.

சூடான கராஜ் இருக்கிறது என்று விளம்பரம் செய்யும் விடுதிகள் உண்டு. நன்றாகச் சூடாக்கி, தரையில் வடிகாலும் வைத்திருந்தால் நல்லதுதான். பனி முழுதும் உருகி வடிந்து வண்டி காய்ந்துவிடும். பூச்சியத்தைச் சுற்றி நிற்கும் அரைகுறைச் சூடு மட்டும் வேண்டாம். பனி பாதி உருகி நிற்கும். காலையில் வெளியே எடுத்ததும் அந்தச் சேறு இரும்பாக இறுகிவிடும். அதைவிடக் குளிரான கொட்டகையே மேல். சூடான கராஜில் விடுவதென்றால் தாங்கியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். 40 லீற்றர் பெற்றோல் மைனஸ் 20 இலிருந்து 15 பாகைக்கு வந்தால் ஏறத்தாழ 1.3 லீற்றர் விரியும். அது வழிந்து மூடிய கராஜுக்குள் ஆவியானால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. உள்ளே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவதும் கூடாது. எஞ்சின் புகையில் வரும் நச்சுவாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. படுக்கையறை ஜன்னலின் கீழே ஓடவிடுவதும் அதே ஆபத்துத்தான்.

வெளியே நிறுத்துகிறவர்கள் இரவே நிரப்பிவிடலாம். தாங்கியின் வெற்றிடத்தில் நீர் படிவது குறையும். சாதாரண வண்டி ஒரு தாங்கிக்கு 150 முதல் 200 கிலோமீற்றர் ஓடும். புதுப்பனி ஆழமாக இருந்தால் அது நன்றாகவே குறையும். அதனால் விடுதியிலோ ஒரு கிலோமீற்றருக்குள்ளோ பெற்றோல் கிடைக்குமா, 91 ஒக்ரேன் எனும் உயர்தரப் பெற்றோல் இருக்கிறதா, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காஸ் ஸ்டேஷன் நடத்தும் நம்மவர்கள் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய், ஸ்பார்க் பிளக், வண்டியை இழுக்கும் கயிறு ஆகியவற்றை ஒரு தட்டில் வைத்திருந்தால் குளிர்காலம் முழுவதும் விற்கும்.

"பாதைக்குப் பக்கத்தில்" என்ற சொல்லை நம்பிப் பதிவுசெய்யாதீர்கள். பாதையிலிருந்து விடுதி வாசல்வரை ஸ்னோமொபைலில் சட்டப்படி வர முடியுமா, எந்த இலக்கப் பாதையிலிருந்து எந்தப் பலகையைப் பார்த்துத் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். ஊர் வீதியில் ஓட்டலாமா என்பது அந்தந்த நகரசபையின் விதியைப் பொறுத்தது. ஒன்ராறியோவில் 30,000 கிலோமீற்றருக்கும் கூடுதலான பாதைகள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி தனியார் காணிகளின் ஊடாக, அந்தக் காணிக்காரர்கள் மனமுவந்து விட்ட வழி. விடுதிக்குக் குறுக்குவழி என்று ஒருவர் வயலில் இறங்கினால் அடுத்த ஆண்டு அந்தக் காணி மூடப்படும், பாதையே அறுந்துபோகும். ஆகவே விடுதி வைத்திருப்பவர்கள் பாதைகளைப் பராமரிக்கும் உள்ளூர் ஸ்னோமொபைல் கழகத்தோடு பேசி, அடையாளமிட்ட கிளைப்பாதை ஒன்றை முறைப்படி வாங்கிக்கொள்ள வேண்டும். ஏரியைக் குறுக்கறுத்து வரலாம் என்று வாய்வார்த்தையாக யாருக்கும் வழி சொல்லாதீர்கள். ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்றிமீற்றர் தெளிந்த பனிக்கட்டி வேண்டும். பாலத்தடியிலும் ஆறு கலக்கும் வாயிலும் அது இருக்காது.

கியூபெக்கில் இந்தப் பண்பாடு பழையது. வால்கூர் ஊரிலிருந்து ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே 1959 இல் ஸ்கி-டூ என்ற ஸ்னோமொபைலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழகங்களின் கூட்டமைப்பு 1974 இல் உருவானது. இன்று சுமார் 33,000 கிலோமீற்றர் பாதையும், வழி நெடுக 'றிலே' எனப்படும் தங்குமடங்களும் இருக்கின்றன. பெற்றோல், சூடான சூப், விறகடுப்பு எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். பாதைகளில் ஓட்டுவதற்கான ஒன்ராறியோ அனுமதிச்சீட்டு அங்கே செல்லாது, தனியாக வாங்க வேண்டும். சாப்பாட்டில் கவனம்: பட்டாணி சூப்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேரும், அவித்த பீன்ஸிலும் பன்றிக் கொழுப்பு சேரும். பார்வைக்கு இரண்டும் சைவம் போலவே இருக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் பதிவுசெய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் நெடுந்தூரத்துக்கு வேறு கடை இருக்காது. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிவரை கிடைக்குமா, காலைச் சாப்பாடு ஆறரைக்கா என்றும் கேளுங்கள். ராத்திரி இயந்திரம் ஓட்டிச் சீர்செய்த பாதை விடியற்காலையில்தான் இறுகி வழவழப்பாக இருக்கும். எட்டுக்குத்தான் சமையலறை திறப்போம் என்கிற விடுதியில் அந்த நல்ல நேரம் வீணாகிவிடும்.

பணத்தகராறு அதிகம் வருவது பாதை மூடப்படும்போது. ஜனவரியில் இரண்டு நாள் மழை பெய்தால் போதும். ஒன்ராறியோவின் இணைய வரைபடத்தில் பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் கட்டுப்பாடுகளோடு, சிவப்பு என்றால் மூடியாயிற்று. "வருவதற்கு முதல்நாள் நண்பகலில் விடுதிக்கு வரும் பாதை சிவப்பாக இருந்தால் முற்பணம் திரும்பும், அல்லது வேறு நாளுக்கு மாறும்" என்று ஒரே வரியில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையாளருக்கும் இதனால் நட்டமில்லை. நாளை மாற்றிக் கொடுத்த விடுதிக்கு அந்தக் குழு திரும்ப வரும். பணத்தைப் பிடித்துக்கொண்ட விடுதியின் பெயரோ எல்லாக் குழுக்களுக்கும் பரவிவிடும்.

செலவே இல்லாத ஒன்று மிச்சமிருக்கிறது. காலையில் புறப்படும் குழுவிடம் விடுதிக்காரர், "எத்தனை வண்டி, எந்தப் பாதை, இன்றிரவு எங்கே?" என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க வேண்டும். காட்டுக்குள் கைத்தொலைபேசி பெரும்பாலும் வேலை செய்யாது. இருட்டி இரண்டு மணி நேரமாகியும் ஆட்கள் வரவில்லை என்றால், எங்கே தேடத் தொடங்குவது என்று 911 க்குச் சொல்லக் கூடியவர்கள் இந்த இரண்டு விடுதிக்காரர்கள் மட்டும்தான்.

தங்கள் பத்திரிகையின் குளிர்காலச் சுற்றுலா விளம்பரங்களில் அறை வாடகையோடு சேர்த்து, உலர்த்தும் அறை உண்டா, பெற்றோல் எவ்வளவு தூரம், பாதை மூடினால் முற்பணம் என்னாகும் என்ற மூன்று விவரங்களையும் கேட்டு வாங்கிப் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வாசகர்கள் நவம்பரிலேயே அனுமதிச்சீட்டும் விடுதியும் பதிவுசெய்யத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் இது வந்தால் பயன்படும்.

இப்படிக்கு,
ஸ்னோமொபைல் பயணிகள் சிலர்,
ஸ்கார்பரோ