எந்த துருவ் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் துருவ் ஹெலிகாப்டர் விபத்துகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ராணுவத்தில் ஈ.எம்.இ. பிரிவில் ஹெலிகாப்டர் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரை அக்கறையோடு எழுதப்பட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பேசுகிற விபத்தில், குஜராத்தின் போர்பந்தரில் விழுந்தது கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர். நீங்கள் பக்கத்தில் போட்டிருந்த படம், மூக்குக்குக் கீழே பீரங்கி நீட்டிக்கொண்டிருக்கும் ருத்ரா, அதாவது துருவின் போர் ரகம். கட்டுரை முழுக்க துருவ், துருவ் என்று ஒரே பெயர். அது எந்த ரகம், எந்த வேலைக்காகச் செய்தது என்பது ஓரிடத்திலும் இல்லை. அதைச் சொல்லாமல் இந்த ஹெலிகாப்டரைப் பாராட்டவும் முடியாது, குறை சொல்லவும் முடியாது.

பெங்களூருவில் உள்ள அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். 1984-ல் ஜெர்மானியர்களின் ஆலோசனையோடு தொடங்கிய திட்டம் இது. 1992 ஆகஸ்டில் முதலில் பறந்தது, 2002-ல் படைகளுக்கு வந்தது. முழுச் சுமையோடு எடை சுமார் ஐந்தரை டன். இரண்டு இன்ஜின், இரண்டு விமானிகள், பின்னால் பன்னிரண்டு பேர் உட்காரலாம். நம் ஊரில் ஒரே வேன் பள்ளிக்கூட வண்டியாகவும் ஆம்புலன்ஸாகவும் போலீஸ் வண்டியாகவும் ஓடுவதைப் பார்க்கிறோமே, துருவை முதலிலிருந்தே அந்த நோக்கத்தோடுதான் வரைந்தார்கள். வாலுக்குக் கீழே, உடம்பின் பின்பக்கம் இரட்டைக் கதவு இருக்கும். அதைத் திறந்து ஸ்ட்ரெச்சரை நேராக உள்ளே தள்ளிவிடலாம். அடிபட்டவரைப் பக்கவாட்டுக் கதவு வழியாகச் சாய்த்து ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கதவின் அருமை தெரியும்.

துருவின் முதல் இரண்டு ரகங்களான மார்க் 1, மார்க் 2 இரண்டிலும் இருப்பது பிரெஞ்சு இன்ஜின். விமானி முன்னால் முதலாவதில் பழைய முள் காட்டும் அளவுமானிகள், இரண்டாவதில் கணினித் திரைகள். பெரிய மாற்றம் மார்க் 3-ல்தான் வந்தது. அதில் சக்தி என்ற புது இன்ஜின், எச்.ஏ.எல்.லும் பிரெஞ்சு நிறுவனமும் சேர்ந்து செய்தது. மலை உச்சியில் காற்று மெலிந்துவிடும். இன்ஜினுக்கும் மூச்சு போதாது, பிளேடுக்கும் பிடிக்கக் காற்று கிடைக்காது. சமவெளியில் பன்னிரண்டு பேரைச் சுமக்கிற ஹெலிகாப்டர் அங்கே நான்கைந்து பேரைத் தூக்கவே திணறும். சியாச்சினில் நம் பையன்களுக்குச் சோறும் மண்ணெண்ணெயும் போய்ச் சேருவது ஹெலிகாப்டரை நம்பித்தான். 2016 பிப்ரவரியில் அங்கே சோனம் முகாமில் பனிச்சரிவில் சிக்கிய மதராஸ் படைப்பிரிவு வீரர்கள் பத்துப் பேரில் ஒருவர் நம் மதுரை மாவட்டத்துக்காரர். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு சக்தி இன்ஜின் வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல.

அடுத்து, நீங்கள் படம் போட்ட ருத்ரா. இது மார்க் 4. மூக்கில் 20 மி.மீ. பீரங்கி, பக்கவாட்டில் 70 மி.மீ. ராக்கெட்டுகள், வான் இலக்குகளை அடிக்க ஏவுகணை. விமானி தலையைத் திருப்பினால் தலைக்கவசத்தோடு இணைந்த பீரங்கியும் கூடவே திரும்பும். இவ்வளவையும் மாட்டினால் அந்த எடைக்கு ஈடாக ஆளையோ எரிபொருளையோ குறைத்தாக வேண்டும். வெள்ளத்தில் சிக்கிய ஊருக்கு ருத்ராவை அனுப்பவில்லையே என்று கேட்பதில் அர்த்தம் இல்லை.

நம் தென் மாவட்டங்களுக்கு மிக நெருக்கமானது கடலுக்கென்றே செய்த மார்க் 3. மூக்குக்குக் கீழே ராடார், இரவிலும் பார்க்கிற கேமரா, சக்திவாய்ந்த தேடல் விளக்கு, படகில் இருப்பவர்களிடம் பேச ஒலிபெருக்கி, கதவோரம் கனரக இயந்திரத் துப்பாக்கி. துப்பாக்கி வேண்டாம் என்றால் கழற்றிவிட்டு, உள்ளே தீவிர சிகிச்சைக் கருவிகளை மாட்டிக்கொள்ளலாம். கடற்படைக்கு 16, கடலோரக் காவல் படைக்கு 16 என்று 2017-ல் ஒப்பந்தம் போட்டார்கள். நடுக்கடலில் நெஞ்சுவலி வந்த ராமேஸ்வரம் மீனவரை வின்ச் கயிற்றில் மேலே தூக்கி, ஆஸ்பத்திரி வந்து சேரும்வரை உயிரோடு வைத்திருக்கிற வேலைக்கான வண்டி இது. கோவை சூலூர் விமானப்படைத் தளத்தில் இருக்கும் சாரங் என்ற ஹெலிகாப்டர் சாகச அணி மெரினாவில் சாகசம் காட்டியபோது லட்சக்கணக்கானோர் கைதட்டினார்கள். அதுவும் துருவ்தான், ஆனால் அது வேறு ரகம், வேறு வேலை.

இனி விபத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரி 5-ம் தேதி போர்பந்தரில் கடலோரக் காவல் படையின் மார்க் 3 விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். உடனே நாடு முழுக்கச் சுமார் 330 துருவ்களையும் நிறுத்திவிட்டார்கள். ஒன்று விழுந்ததற்கு எல்லாவற்றையும் ஏன் நிறுத்த வேண்டும் என்று உங்கள் கட்டுரையாளர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஆனால் பதிலைத் தேடாமல் விட்டுவிட்டார். ரகங்களுக்குள் வேறுபாடு மூக்கிலும் வயிற்றிலும் இன்ஜினிலும்தான். மேலே சுழலும் விசிறியான ரோட்டாரும் அதைக் கட்டுப்படுத்துகிற அமைப்பும் எல்லாவற்றிலும் ஒரே குடும்பம். போர்பந்தரில் முறிந்தது ஸ்வாஷ்பிளேட் என்ற பாகம். ரோட்டார் தண்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள். மேல்தட்டு ரோட்டாரோடு சுற்றும், கீழ்த்தட்டு சுற்றாது. விமானியின் கை அசைவு கீழ்த்தட்டுக்கு வந்து, அங்கிருந்து மேல்தட்டு வழியாகப் பிளேடுகளுக்குப் போகும். அன்று முறிந்தது அந்தச் சுற்றாத தட்டு. அது போய்விட்டால் எவ்வளவு கெட்டிக்கார விமானியாலும் எதுவும் செய்ய முடியாது. ருத்ராவிலும் அதே வேலையைச் செய்கிற தட்டு இருக்கிறது. அதனால்தான் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். சரியான முடிவு. 2023-ல் அடுத்தடுத்து விபத்துகள் நடந்தபோதும் இப்படித்தான்: அலுமினியக் கட்டுப்பாட்டுத் தண்டுகளை எடுத்துவிட்டு எஃகில் மாற்றினார்கள்.

பிறகு 2025 மே மாதம் தரைப்படை, விமானப்படை துருவ்களுக்கு மட்டும் மீண்டும் அனுமதி கிடைத்தது. கடலில் பறப்பவை அப்போதும் தரையிலேயே நின்றன. ரகத்தைப் பிரித்துச் சொல்லியிருந்தால் கட்டுரையாளருக்கு இங்கேதான் சரியான கேள்வி கிடைத்திருக்கும். உப்புக்காற்றில் தினமும் பறந்து, இறங்கியதும் நல்ல தண்ணீரில் கழுவப்படுகிற ஹெலிகாப்டரின் பாகங்களுக்கும், பனியிலும் வறண்ட மலையிலும் ஓடுகிறவற்றுக்கும் ஒரே ஆயுள் கணக்கு போடலாமா? சோதனை இடைவெளி ஒன்றாக இருக்கலாமா? சும்மா கேட்டுவிட்டுப் போகிற கேள்வி அல்ல இது. பாம்பன், தொண்டி மீனவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது. உங்களைப் போன்ற பத்திரிகை கேட்டால்தான் பதில் வரும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. அங்கிருந்து ஒரு கர்ப்பிணியையும் வேறு சிலரையும் விமானப்படை மீட்டு மதுரைக்குக் கொண்டுவந்தது. அந்த நாட்களில் சூலூரிலிருந்து வந்தவை இரண்டு வகை: துருவ், அப்புறம் எம்.ஐ.-17வி5. பின்னது 13 டன் வண்டி, நான்கு டன் சரக்கு தூக்கும். ஆனால் அது கிளப்பும் காற்றில் தகரக் கூரை பறந்துவிடும், குறுகலான தெருவின் மேலே தாழ வர முடியாது. மூட்டை மூட்டையாக உணவு போட அது, நெருக்கமான இடத்தில் இரண்டு பேரைத் தூக்க துருவ். பத்திரிகைகள் எல்லாம் ‘ஹெலிகாப்டர் வந்தது’ என்று முடித்துக்கொண்டன. மொட்டை மாடியில் நிற்கிறவருக்கு வந்திருப்பது எது என்று தெரிந்தால், காயப்போட்ட துணியையும் தார்ப்பாயையும் தகரத்தையும் முன்கூட்டியே அப்புறப்படுத்துவார்.

ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். சூலூரிலும் உச்சிப்புளியில் உள்ள ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளத்திலும் கேட்டு, நம் பகுதிக்கு வரக்கூடிய ஹெலிகாப்டர்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை பேரைத் தூக்கும், கீழே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று படத்தோடு போடுங்கள். சென்ற இதழின் ருத்ரா படத்துக்குத் திருத்தமும் வெளியிடுங்கள். கடலோரக் காவல் படை வீரர்கள் மூவரின் மரணத்தைப் பேசும் பக்கத்தில் அவர்கள் பறந்த ஹெலிகாப்டரின் படம்தான் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ராணுவ வீரர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.