சைக்கிள் பயணத்துக்கு முதலில் சார்ஜ் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

நீண்ட சைக்கிள் பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டிய கருவிகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போன், ஜிபிஎஸ், கேமரா, ஸ்பீக்கர், ட்ரோன் எனப் பட்டியல் நீண்டதே தவிர, இத்தனையையும் எங்கே சார்ஜ் போடுவது என்று ஒரு வரிகூட இல்லை. வீட்டில் பிளக் பாயின்ட் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதியது போல இருந்தது!

பவர் பேங்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 எம்ஏஎச் என்று அட்டையில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது அதில் சேமிக்க முடிகிற மின்னாற்றல் 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக மாற்றும்போதே கொஞ்சம் வீணாகிவிடும், அதனால் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை நிரப்பலாம் என்று நம்பிக் கிளம்பினால் ஒன்றரைத் தடவையோடு நின்றுவிடும்.

முன்சக்கரத்தின் நடுவில் இருந்து, சக்கரம் சுழலச் சுழல மின்சாரம் தரும் டைனமோ ஹப் நல்ல யோசனைதான். ஆனால் அது தருவது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 3 வாட், மேடு ஏறும்போது அதுவும் இல்லை. போனை நேராக அதில் மாட்டினால் வேகம் குறையும்போதெல்லாம் சார்ஜ் அறுந்து அறுந்து வரும், ஒவ்வொரு தடவையும் திரை எரிந்து, ஏறியதையும் தின்றுவிடும். நடுவில் ஒரு சின்ன பவர் பேங்க்கை வைத்து, ராத்திரி அதிலிருந்து போனுக்கு ஏற்றுவதுதான் சரி. பையின் மேல் விரிக்கும் சின்ன சோலார் தகடு, ஓடும் சைக்கிளில் வெயிலை நேராகப் பார்ப்பதே இல்லை, என்னைக் கேட்டால் வெறும் சுமை.

வழி பார்க்க ஹேண்டில்பாரில் போனை மாட்ட வேண்டாம். திரை எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரி மதியம்வரைகூடத் தாங்காது, மழைத்துளி விழுந்தால் தொடுதிரை தானாகவே எதையாவது அமுக்கிக்கொள்ளும். பட்டன் வைத்த சைக்கிள் ஜிபிஎஸ் போதும். அது இல்லையென்றால் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டு, போனை ஏர்ப்ளேன் மோடில் பைக்குள் போட்டுவிடுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு சிம் சிக்னல் தேவையில்லை, பெரும்பாலான போன்களில் அந்த மோடிலும் அது வேலை செய்யும்.

அப்புறம் விளக்கு, ஜிபிஎஸ், போன் எல்லாமே டைப்-சியாகப் பார்த்து வாங்கினால் ஒரே ஒயர் போதும், அதிலேயே இன்னொன்று உபரியாக வைத்துக்கொள்ளலாம். விமானத்தில் போய் அங்கிருந்து மிதிப்பவர்கள் பவர் பேங்க்கை கைப்பையில்தான் வைக்க வேண்டும், 100 வாட்-மணிக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 74தான், பிரச்சினை இல்லை.

இப்படிக்கு,
சைக்கிள் மிதிக்கும் வாசகர்