ஆவடிப் பட்டறைகளும் 45 நாள் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆவடியின் பொருளாதாரத்தை வளர்ப்பது பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் பட்டாபிராம் டைடல் பூங்காவில்தான் தொடங்குகிறார்கள். 330 கோடி ரூபாயில் கட்டிய 21 மாடிக் கட்டடம் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்து கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை மெட்ரோ என்கிறார்கள். இரண்டும் வரட்டும், வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? ஆனால் 2019-ல் மாநகராட்சி ஆவதற்கு வெகு காலம் முன்பே இந்த ஊருக்குச் சோறு போட்டவை கனரக வாகனத் தொழிற்சாலையும், எஞ்சின் தொழிற்சாலையும், அவற்றை நம்பி அம்பத்தூர் வரை முளைத்த பட்டறைகளும். அந்தப் பட்டறைகளில் இன்று வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன, மெஷின் இருக்கிறது. செய்து கொடுத்த வேலைக்குப் பணம்தான் நேரத்தில் வருவதில்லை.

2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடிக்கு வந்தது. 200-க்கும் மேற்பட்ட இந்திய நிறுவனங்களுக்கு இதில் வேலை உண்டு என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அந்த 200 என்பது நேரடியாக சப்ளை செய்கிறவர்கள் கணக்கு. அவர்களிடம் புஷ், பின், பிராக்கெட், ஃபிளான்ஜ் என்று ஜாப் ஒர்க் எடுக்கிற, நான்கு லேத், இரண்டு மில்லிங் மெஷின் மட்டும் வைத்திருக்கிற பட்டறைகள் இந்தக் கணக்கிலேயே வராது. ஜெர்மனியிலிருந்து வர வேண்டிய எஞ்சின் தாமதமானால் டாங்கி வேலை நிற்கும், பட்டறைக்கு ஆர்டர் கொடுத்தவர் 'சரக்கை இப்போது அனுப்ப வேண்டாம்' என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார். டாங்கி டிராயிங்குக்குக் கடைந்த பொருளை வேறு யாரிடமும் விற்க முடியாது. ரேக்கில் கிடக்கும், இல்லையென்றால் பழைய இரும்பு விலைக்குப் போகும்.

சரக்கை எடுத்துக்கொண்ட பிறகும் கதை முடிவதில்லை. 10 லட்சம் ரூபாய் ஜாப் ஒன்றை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். இரும்பு 6 லட்சம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1.08 லட்சம். கூலி, கரண்ட், டூல் எல்லாம் 3.2 லட்சம். மிச்சம் 80,000. பில்லில் போடும் வரி 1.80 லட்சம். வாங்கிய இரும்பின் வரியைக் கழித்துக்கொண்டால், 72,000 ரூபாயை அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பில் பணம் வந்ததா இல்லையா என்று ஜி.எஸ்.டி. கேட்காது. காலாண்டுக்கு ஒரு ரிட்டர்ன் என்று தேர்வு செய்த சிறு யூனிட்டுகளும் வரியை மாதாமாதம்தான் கட்டுகின்றன. ஆக, பட்டறைக்காரர் கையிலிருந்து போனது 11 லட்சம். பணம் வர நான்கு மாதமானால், 12 சதவீத ஓ.டி. (வங்கி மிகைப்பற்று) வட்டியே 44,000. லாபத்தில் பாதிக்கு மேல் வங்கிக்குப் போய்விட்டது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு யூனிட்டுக்குத் தர வேண்டிய பணத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்கக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்றால் வட்டி 18. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பட்டறைகள் தோற்பது நாள் கணக்கு தொடங்கும் இடத்தில்தான். சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். ஆனால் சேர்ந்த நாளுக்கு ஆதாரம் எங்கே? சலானில் கேட் சீல் இருக்கும், தேதி இருக்காது. அல்லது டிரைவர் கையெழுத்து மட்டும் இருக்கும். 'இன்ஸ்பெக்ஷன் பாக்கி' என்று போனில் சொல்வார்கள், எழுத மாட்டார்கள். சலான் மூன்று பிரதியில் ஒன்று, கேட்டில் தேதியோடு சீல் விழுந்து, அன்று மாலையே பட்டறைக்குத் திரும்ப வேண்டும். அதன் படத்தை வாங்கியவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைத்தால் பின்னால் வாதமே எழாது.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யமிலும் ஓட்டைகள். அவசரத்துக்குப் பதிவு செய்து கொடுத்தவர், உற்பத்திக் குறியீட்டுக்குப் பதில் வியாபாரக் குறியீட்டைப் போட்டிருப்பார். வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே உதவும், 45 நாள் பாதுகாப்பு கிடையாது. ஆர்டர் வாங்கிய பிறகு பதிவு செய்தவர்களின் உரிமையும் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 2023-24 கணக்கு ஆண்டு முதல், வாங்கியவர் கெடு தாண்டிய பாக்கியைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று ஒரு கிடுக்கிப்பிடி வந்தது. நல்ல விதிதான். ஆனால் சிறு யூனிட்டை விட்டுவிட்டு, இந்த விதிக்குள் வராத நடுத்தர யூனிட்டிடம் ஆர்டரை நகர்த்துவது அதைவிட எளிது என்பதையும் வாங்குகிறவர்கள் கண்டுகொண்டார்கள்.

டிரெட்ஸ் என்பது சிறு யூனிட்டுகளின் பில்லை வைத்து வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் இணையதளம். அதில் பில்லை ஏற்றி, வாங்கியவர் ஒப்புக்கொண்டால், வங்கிகள் போட்டியிட்டு வட்டி கேட்கும். ஏலம் முடிந்த மறுநாளே பணம் வரும், பின்னால் வாங்கியவர் தவறினாலும் பட்டறையைத் தொட மாட்டார்கள். மத்திய பொதுத்துறை நிறுவனங்களும், 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளும் இதில் சேர வேண்டியது கட்டாயம். சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பில்லுக்கும் அவர்கள் 'சரி' என்று ஒப்ப வேண்டும். அங்கேதான் இழுக்கிறது. இரண்டாம், மூன்றாம் கை பட்டறைகளுக்கோ, தங்களுக்கு ஆர்டர் கொடுப்பவர் 250 கோடிக்குக் கீழ் இருப்பதால் கதவே திறப்பதில்லை.

ரிஜெக்ஷன் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும், ஏனெனில் எழுத்தில் வந்த ஒரு நியாயமான குறை நாள் கணக்கை நிறுத்திவிடும். பெரும்பாலும் அளவு பிசகி ரிஜெக்ட் ஆவதைவிட, காகிதம் இல்லாமல் ஆவது அதிகம். சாத்தங்காடு இரும்புச் சந்தையில் துண்டு ராடு வாங்கினால் கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம். ஆனால் அதில் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த இரும்பு என்று காட்டும் எண்) இருக்காது, மில்லின் சோதனைச் சான்றும் வராது. பாதுகாப்புத் துறை வேலைக்கு அது செல்லாது. ராடை அறுக்கும்போது நம்பர் குத்திய முனையை முதலில் வெட்டிவிடுவது இன்னொரு பழைய தப்பு. நம்பர் இல்லாத முனையிலிருந்து அறுக்கத் தொடங்கி, ஒவ்வொரு துண்டிலும் அதே நம்பரைக் குத்திய பிறகே லேத்துக்கு அனுப்ப வேண்டும். காலிபரேஷன் (அளவுக் கருவியின் துல்லியச் சோதனை) தேதி முடிந்த கேஜில் அளந்ததும் அளந்ததாகாது.

உலோகக் கலவையைக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டர், கடினத்தன்மை சோதனைக் கருவி, சி.எம்.எம். அளவீட்டு மெஷின் இவற்றைத் தனிப் பட்டறை வாங்குவது நடக்காத காரியம். பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் தொழில் கொத்து மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. 5 முதல் 10 கோடி ரூபாய் வரையான மையத்துக்கு 70 சதவீதம் மானியம். இடம்தான் சிக்கல், வில்லங்கமில்லாத நிலம் நீண்ட குத்தகைக்கு வேண்டும். மாநகராட்சி தன் காலி இடம் ஒன்றைத் தந்தால், ஊர்ப் பொருளாதாரத்துக்கு அது செய்யும் மிக மலிவான உதவியாக இருக்கும். கட்டடத்தோடு நிறுத்திவிடாமல், கருவிகளை இயக்கத் தெரிந்தவரின் சம்பளத்தையும் ஆண்டுப் பராமரிப்பையும் முதல் நாளே கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டே ஆண்டில் மெஷினுக்குத் துணி போர்த்திவிடுவார்கள்.

மாநகராட்சி அலுவலகத்தில் வாரம் ஒரு நாள் ஒரு மேஜை போடலாம். உத்யம் குறியீட்டைத் திருத்துவது, அரசின் இணையதளத்தில் பாக்கிப் புகார் பதிவது, டிரெட்ஸ் கணக்குத் திறப்பது மூன்றையும் அங்கேயே முடித்துக் கொடுக்கலாம். புகார் பதிந்தால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால் முதலில் மேஜையிலிருந்தே வாங்கியவருக்கு ஒரு நினைவூட்டல் கடிதம் போகட்டும், அதற்கும் அசையாவிட்டால் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அரசின் வசதியாக்கக் கவுன்சில். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் வழக்கே நடத்த முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. குடியிருப்பு மண்டலத்தில் குறைந்த குதிரைத்திறன் வரைதான் அனுமதி. லேத்தை மாற்றி ஒரு சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) வாங்கினால் மின்சுமை அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஓசை குறைவான புது மெஷின் வைத்தவர் விதி மீறியவராகிறார், பழைய மெஷினோடு தெருவை அதிர வைப்பவர் ஒழுங்கானவராகிறார். பட்டறைகள் ஏற்கெனவே கூட்டமாக உள்ள தெருக்களைக் கண்டறிந்து, மண்டலம் மாற்ற, பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கு மாநகராட்சியே பரிந்துரைக்க வேண்டும்.

1955-ல் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று காங்கிரஸ் தீர்மானம் போட்ட ஊர் இது. ஒரு பில்லை 45 நாளில் தீர்ப்பது அதைவிடப் பெரிய காரியமல்ல. தெருவிளக்கு பிராக்கெட், பாதாளச் சாக்கடை மூடி, குப்பை வண்டி உதிரி பாகங்கள் என்று மாநகராட்சியே உள்ளூர்ச் சிறு யூனிட்டுகளிடம் வாங்கக்கூடியவை நிறைய. அந்த 45 நாள் விதி மாநகராட்சி வாங்கும் பொருளுக்கும் பொருந்தும். சரக்கு சேர்ந்த தேதி, பில் எண், பணம் கொடுத்த தேதி ஆகிய மூன்று பத்திகளோடு மாதம் ஒரு பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி ஆணையரையும் மேயரையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆவடி, திருமுல்லைவாயல் வட்டார லேத் பட்டறையாளர்கள் சிலர்