பரணில் இருந்த தாள்

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஸ்வெட்டர் வாங்கினாயா? டெல்லியில் குளிர் 6 டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள். பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். நானும் போனைக் கேட்டு வாங்கவில்லை. சரி, அது இருக்கட்டும்.

நீ கொடுத்துவிட்டுப் போன காகிதங்களைப் படித்தேன். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் புத்தகப் பதிப்பு டிப்ளமா, கொல்கத்தாவில் சீகல் பதிப்புப் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸில் எம்.ஏ. மூன்றுமே பதிப்பகத்துக்கு ஆள் தயார் செய்கிற படிப்பு. எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேசிப் புத்தகத்தை விற்றுத் தருகிற இலக்கிய முகவர் ஆவதற்குப் பட்டம் கட்டாயமில்லை, ஒரு ஏஜென்சியில் உட்கார்ந்து வந்து குவிகிற கையெழுத்துப் பிரதிகளைப் படித்துப் படித்துத்தான் தொழில் பிடிபடும் என்று சொன்னதும் நீதான். பின்னே எதற்குக் கடன் வாங்கி அவ்வளவு தூரம் போக வேண்டும்? கமிஷன் உள்ளூர் விற்பனையில் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமையில் 20 என்கிறாய். எழுத்தாளருக்கு 50,000 முன்பணம் வந்தால் உன் கைக்கு 7,500. அதில் வாடகை கொடுப்பாயா, கடன் கட்டுவாயா?

சட்டம் படி. மூன்று வருஷம்தான்.

ராகவன் மாமா நேற்று வாசலில் நின்று, "ஏஜென்ட்டுன்னா எல்.ஐ.சி.யா?" என்று கேட்டார். "இல்லை ஓய், எழுதுகிறவன் ஏமாறாமல் பார்த்துக்கொள்கிற வேலை" என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. நாலாம் வகுப்பிலேயே தாத்தாவின் புரூஃபில் ஒற்று விட்டுப்போனதைக் காட்டியவள் நீ. ஆனால் அதே நீ, வங்கி வேலைக்கு வந்த கடிதத்தை எங்களிடம் காட்டாமலே கிழித்தாய். அதை இன்னும் நான் மறக்கவில்லை.

சட்டம் படி என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் தெரியுமா? ஒப்பந்தம் படிக்கத் தெரிய வேண்டும். மொழிபெயர்ப்பு உரிமை, ஒலிப்புத்தக உரிமை, சினிமா உரிமை எல்லாம் ஒரே வரியில் போய்விடும்.

பொங்கலன்று சாப்பிடும்போது சொன்னாயே, எத்தனை வருஷம் என்று எழுதாத ஒப்பந்தம் 5 வருஷம்தான் செல்லும், பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவு என்று. அப்புறம் தாத்தா நாவல்களின் அக்ரிமென்ட் எங்கே என்று கேட்டாய். பரணில் கிடக்கும், கரையான் அரித்திருக்கும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தேன். இலையில் ரசம் சோறு அப்படியே இருந்தது. நீ அதைப் பார்த்தாய்.

2009இல், தாத்தா போன மறு வருஷம், அவருடைய நாலு நாவலின் உரிமையையும் 12,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். பதிப்பகத்துக்காரர் வந்தார், காபி சாப்பிட்டார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பணமுடை ஒன்றும் இல்லை. இனி யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். அந்தப் பணத்தில்தான் வாசல் கிரில் கேட் போட்டோம். அவர்கள் ஒரு பதிப்பு போட்டார்கள், அதோடு சரி. பாரதி பாட்டின் உரிமை சினிமாக்காரர் கைக்குப் போய், 1949இல் அரசாங்கத்திடம் வந்து சேர்ந்த கதையைத் தாத்தா எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

அத்தையையும் கேட்கவில்லை. அவளும் வாரிசுதான் என்பது அப்போது தோன்றவே இல்லை.

நேற்று பரணில் ஏறி எடுத்தேன். கரையான் தொடவே இல்லை. ஜெராக்ஸ் இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் "சகல உரிமைகளும்" என்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் "காலம்" என்பதற்கு நேரே வெறும் புள்ளிகள், யாரும் நிரப்பவில்லை. எது செல்லும் என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அத்தையிடம் நீ எதுவும் பேசாதே. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போய் நானே சொல்கிறேன்.

அப்பா