இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினேன்

தம்பிக்கு,

உன் ஆறு வயது மகனுக்கு வாசிப்பில் இருக்கும் சிக்கலைப் பற்றிய இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்து வாசிக்க மாட்டாய் என்று தெரியும். அதனால் நானே வாசித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்பியிருக்கிறேன், பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே கேள். உன் பெயரும் பிள்ளை பெயரும் இதில் எங்கும் வராது. உன்னைப் போல இன்னும் நாலு அப்பாக்கள் கண்ணில் படட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது உன் மகன் என் மடியில் உட்கார்ந்து ஒரு கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டினான். தங்குதடையே இல்லை. உன் மனைவி முகத்தில் அத்தனை பெருமை. எனக்கு மட்டும் ஏதோ நெருடியது. அவன் கண் எழுத்தின் மேல் போகவே இல்லை, படத்திலேயே இருந்தது. இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினேன். நடுவில் விட்டுப்போன பக்கத்து ஆமையை, அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வந்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீயும் இதைத்தானே செய்தாய்! மூன்றாவது படிக்கும்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டே பாடம் முழுவதையும் மனதில் ஏற்றிக்கொண்டு, புத்தகத்தை விரித்து வைத்து ஒப்பிப்பாய். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன?” என்று கேட்டால் முழிப்பாய். “திமிரு” என்று சொல்லி மர ஸ்கேலால் உன் முட்டியில் அடித்தவள் நான்தான். அப்போது எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷம் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் எடுத்த பிறகும் தெரியாதது போல இருந்தால் அது வேறு விஷயம்.

அன்று மத்தியானம் அவனோடு விளையாடுவது போலச் சிலதைப் பார்த்தேன். தக்காளி என்று சொல்லிக்கொண்டே துண்டு துண்டாகக் கை தட்டச் சொன்னேன். தக்-கா-ளி, மூன்று தட்டு. அவன் ஆறேழு தட்டினான். கல், பல், மரம், இதில் சேராதது எது என்று கேட்டேன். “பல்லு” என்றான். ஏன்டா என்றால், “அது வாய்க்குள்ள இருக்கு, மத்த ரெண்டும் வெளியில இருக்கு.” எவ்வளவு புத்திசாலித்தனமான பதில் பார்! ஆனால் கல்லும் பல்லும் ஒரே மாதிரி முடிவது அவன் காதில் விழவில்லை. தெருமுனையில் வரும் வண்டியைத் திரும்பிப் பார்க்காமலே புல்லட், ஸ்ப்ளெண்டர் என்று பிரித்துச் சொல்கிற அதே காதுதான். ஒலி கேட்கிறது. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளை உடைத்துப் பார்ப்பதுதான் வரவில்லை.

புத்தி இருந்தும் வாசிக்கவும் எழுதவும் திணறுவதை டிஸ்லெக்சியா என்று சொல்கிறார்களே, அதன் வேர் பெரும்பாலும் இங்கேதான். எல்லாரும் நோட்டைப் பார்க்கிறார்கள், எழுத்தைத் திருப்பிப் போடுகிறானா என்று. ஏழு வயது வரை பல பிள்ளைகள் அப்படித்தான் எழுதும். ஒற்றைக்கொம்பை மறந்துவிட்டு கடைசியில் இடுக்கில் செருகாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. நோட்டுக்கு முன்னாலேயே அறிகுறி வாயிலும் காதிலும் தெரியும். பேச்சு தாமதமாக வந்திருக்கும். ஆறு வயதிலும் நீளமான சொல்லில் ஒலிகள் இடம் மாறும். தெரிந்த பொருளின் பெயரே சட்டென்று வராது. உன் பிள்ளை ஸ்பேனரை “அந்தத் திருகுறது” என்கிறான், பட்டறையிலேயே வளர்கிற பிள்ளை! கொடியில் கிடந்த கிளிப்புகளின் நிறத்தை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். எல்லா நிறமும் தெரியும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்குகிறது. கிழமைகளை ஞாயிறிலிருந்து சொல்வான், புதனுக்கு அடுத்தது என்ன என்றால் மறுபடி ஞாயிறிலிருந்துதான் வர வேண்டும். நேற்றுப் படித்த எழுத்து இன்று புது எழுத்தாகத் தெரிகிறது.

இதில் ஒன்றிரண்டு எந்தப் பிள்ளைக்கும் இருக்கும். பலதும் சேர்ந்து இருந்து, மாதக்கணக்கில் மாறாமலும் இருந்து, குடும்பத்திலும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு.

“தமிழ் சுமாரா வாசிக்கிறான், இங்கிலீஷ்தான் வரல” என்று அவன் மிஸ் சொன்னதாகச் சொன்னாய். அதில் ஏமாந்துவிடாதே. தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். அதனால் கெட்டிக்காரப் பிள்ளை எழுத்துக்கூட்டி எப்படியோ ஒப்பேற்றிவிடும். அங்கே பிழையைவிட வேகக் குறைவில்தான் சிக்கல் தெரியும். பட் (but) என்பதற்கும் புட் (put) என்பதற்கும் நடு எழுத்து ஒன்றேயாக இருக்கிற இங்கிலீஷில் அந்த வித்தை பலிக்காது.

இது புதிதாக முளைத்த வியாதியும் இல்லை. 1896ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றிப் ‘பிரெசி’ என்று எழுதிவிட்டு, தப்பு என்றே தெரியாமல் இருந்தான். எண்களில் தடுமாற்றம் இல்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவன் வாத்தியார் சொன்னாராம். அதைப் படித்தபோது எனக்கு உன் முகம்தான் வந்தது.

நான் டாக்டர் இல்லை, அதனால் பெயர் வைக்க மாட்டேன். முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடு. அதில் குறை இல்லை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தைகளின் வளர்ச்சிச் சிக்கலைச் சோதித்து உதவுகிற ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. பெரிய வகுப்பில் பரீட்சைக்குக் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. அரசு வழிகாட்டுதல்படி சான்றிதழ் எட்டு வயதுக்கு மேல்தான். அதைக் கேட்டுவிட்டு, “எட்டு வயசுக்கு வாங்க” என்று உன்னைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருப்பார்கள். எட்டு வயது வரை காத்திருக்க வேண்டியது சான்றிதழுக்கு மட்டும்தான், சொல்லிக்கொடுப்பதற்கு இல்லை. இந்த இரண்டு வருஷம் போனால் திரும்பி வராதடா.

டியூஷன் வேண்டாம். இம்போசிஷன் வேண்டவே வேண்டாம். கலர் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதே. அமெரிக்காவின் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்து 2009லேயே அதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தினம் கால் மணி நேரம் ஒலி விளையாட்டு, ஒரு தட்டு மணல், வாயால் சொல்லிக்கொண்டே விரலால் ஓர் எழுத்து, இது போதும் இப்போதைக்கு. ‘கானா’ என்று சொல்லாதே, ‘க’ என்றே சொல். அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதித்தானே படித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், மணல் சலித்து வை. செவ்வாய்க்கிழமை மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே உன்னிடமும் கேட்பார்கள், சின்ன வயதில் நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று. மழுப்பாதே. ஆள் பெயரே இல்லாமல் வண்டி நம்பரின் கடைசி நாலு எண்ணை மட்டும் எழுதி வைத்திருக்கிறாயே, அந்தக் கடன் நோட்டையும் எடுத்துக்கொண்டு வா.

அக்கா