சோளம் இல்லை, கல்லுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கிறிஸ்துமஸ் சமையல் குறிப்பில் கார்ன்ட் பீஃப் என்பதைச் ‘சோள மாட்டிறைச்சி’ என்று போட்டிருக்கிறீர்கள். அதில் சோளம் ஒரு மணிகூடக் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் எந்தச் சிறு மணியையும் கார்ன் என்பார்கள். இங்கே அது கல்லுப்பு. கல்லுப்பில் ஊறிய கறி, அவ்வளவுதான். கோலார் தங்கவயலில் நாங்கள் சால்ட் பீஃப் என்போம், பாட்டி உப்புக்கறி என்பார். உப்புக்கண்டம் வேறு, அது வெயிலில் காய்வது. இது ஈரமாகவே ஊறுவது.

அம்மா தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் சமைத்தவர். அங்கே மிளகு, கிராம்பு, பட்டை மட்டும்தான். எங்கள் அடுப்புக்கு வந்ததும் பத்துக் காய்ந்த மிளகாய், ஒரு முழுப் பூண்டு, இரண்டு ஸ்பூன் தனியா எல்லாம் சேர்ந்துகொண்டன. ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து வரும் அப்பாவுக்கு உறைக்காத கறி தொண்டையில் இறங்காது. 2001-ல் சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு வந்துவிட்டோம். அம்மாவின் அடிகனமான தேக்சா இன்னும் என்னிடம் இருக்கிறது.

பெயரைவிட எனக்கு வருத்தம் தந்தது, குக்கரில் எட்டு விசில் என்று எழுதியிருந்ததுதான். கர்நாடகத்தில் 2021 முதல் 13 வயதைத் தாண்டிய எருமையை மட்டுமே வெட்டலாம். வயதான கறியில் சவ்வும் நாரும் அதிகம். அந்தச் சவ்வு மெல்லிய சூட்டில் மெதுவாகக் கரைந்தால்தான் கறி பிசுபிசுப்போடு மெத்தென்று வரும். குக்கர் சூட்டிலும் வேகும், ஆனால் சாறு வெளியேறி நார்நாராகப் பிரிந்துபோகும். துண்டு போடவே வராது.

சிவாஜிநகரில் ஒரு கிலோ நெஞ்சுக்கறி வாங்கும்போதே கொழுப்பைச் சீவ வேண்டாம் என்று பாயிடம் சொல்லிவிடுவேன். முள்கரண்டியால் நன்றாகக் குத்தி, 100 கிராம் கல்லுப்பு, மூன்று எலுமிச்சம்பழச் சாறு, ஒரு ஸ்பூன் வெல்லம் போட்டுத் தேய்த்து, பீங்கான் பாத்திரத்தில் மூடி ஃபிரிட்ஜில் நான்கு நாள். காலையும் மாலையும் திருப்பிப் போட வேண்டும். சிவப்பு நிறம் நிற்க அம்மா ஒரு சிட்டிகை வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) போடுவார். நான் போடுவதில்லை, அளவு தப்பினால் உடம்புக்குக் கேடு. அது இல்லாமல் கறி சாம்பல் பழுப்பாக வெந்து வரும். வரட்டும்.

அப்புறம் கழுவி, ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் போட்டு வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கறி மூழ்கப் புதுத் தண்ணீரும் மேலே சொன்ன மசாலாவும். உப்பு சேர்க்கவே கூடாது. கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு குமிழி மட்டும் மேலே வருகிற அளவுக்குத் தீயைக் குறைக்க வேண்டும். மூன்றரை மணி நேரம் ஆகும். அரை மணி கழித்து ஒரு சொட்டு ருசித்துப் பாருங்கள். கரித்தால் பாதித் தண்ணீரை மாற்றலாம். வெந்ததும் அந்தச் சாற்றிலேயே ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். மறுநாள் மிஞ்சியதை வெங்காயம், பச்சைமிளகாயோடு வதக்கினால், கிறிஸ்துமஸ் அன்று செய்ததைவிட அதற்குத்தான் எங்கள் வீட்டில் போட்டி.

வரும் ஞாயிறு இணைப்பில் பெயரையும் விசிலையும் திருத்திப் போடுங்கள். முதல்முறை செய்து பார்க்க நினைப்பவர்கள் அந்தக் குறிப்பைக் கத்தரித்து வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு