அரசுக் கட்டட மதிப்பீடுகளில் சுதை, சிமெண்ட் அலங்கார வேலைக்குத் தனி இடம் கேட்டு மனு

அனுப்புநர்:
சுதை, சிமெண்ட் அலங்கார வேலைக் கலைஞர்கள்,
காரைக்குடி வட்டாரம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
முதன்மைத் தலைமைப் பொறியாளர் அவர்கள்,
பொதுப்பணித் துறை, சேப்பாக்கம், சென்னை.

பொருள்: அரசுக் கட்டடங்களில் அலங்கார கான்கிரீட் மற்றும் சுதை வேலையைத் தனி அயிட்டமாக மதிப்பீட்டில் சேர்ப்பது, மாதிரி பார்த்து ஒப்புதல் தருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் யானைகள் நீர் வார்க்க அமர்ந்திருக்கும் கஜலட்சுமியைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்த்து அரைத்த சாந்தில் எங்கள் முன்னோர் செய்த சுதை வேலை அது. அதே கைப்பழக்கத்தை இன்று சிமெண்டில் காட்டுகிறோம். கோபுரத் திருப்பணி என்றால் சுதைப் பொம்மை; வீடு என்றால் கார்னிஸ் (சுவர் மேல் விளிம்பில் நீட்டி விடும் அலங்காரப் பட்டை), தூண் தலை, ஜாலி (துளைகள் விட்ட சிமெண்ட் தட்டி). அரசுக் கட்டடங்களிலும் வேலை பார்க்கிறோம். ஆனால் அந்தக் கட்டடங்களின் மதிப்பீட்டில் எங்கள் வேலைக்கென்று ஒரு வரி கூட இருப்பதில்லை.

நடப்பது இதுதான். வரைபடத்தில் 'முகப்பு அலங்காரம்' என்று மொத்தமாக ஒரு தொகை போடப்படுகிறது, அல்லது அதுவும் இல்லை. ஒப்பந்ததாரர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார், அவர் எங்களைக் கூப்பிடுகிறார். நாங்கள் போய்ச் சேரும்போது பூச்சு முடிந்திருக்கும், சாரம் பிரிக்கும் நேரம் வந்திருக்கும். காய்ந்த பூச்சின் மேல் கொத்திவிட்டு ஒட்ட வேண்டியதுதான். சுவர் கட்டும்போதே கம்பி நீட்டி விட்டிருந்தால் அந்த உருவம் சுவரோடு சுவராக நின்றிருக்கும். பிறகு ஒட்டியது வெயிலிலும் மழையிலும் விலகி, ஒருநாள் கீழே விழும். கீழே நிற்பது பள்ளிப் பிள்ளையாகவும் இருக்கலாம், பேருந்துக்குக் காத்திருப்பவராகவும் இருக்கலாம். இதை நினைத்தால் எங்களுக்குத் தூக்கம் வருவதில்லை.

அடுத்தது தண்ணீர் விடுவது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 : 2000-இன்படி சாதாரண சிமெண்ட் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்க வேண்டும். சாம்பல் கலந்த சிமெண்டும் எங்கள் ஊர் போன்ற வெயிலும் சேர்ந்தால் 14 நாள். மெல்லிய இதழும் விரலும் உள்ள அலங்கார வேலை சட்டென்று காயும் என்பதால் அதற்கு ஈரச் சாக்கு கட்டி இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு அரசுக் கட்டடத்தில், திறப்பு விழா நாள் குறித்துவிட்டார்கள் என்று சொல்லி, நாங்கள் செய்த கைப்பிடிச் சுவர் வேலைக்கு மூன்றாம் நாளே பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அடுத்த கோடைக்குள் முழுவதும் மயிரிழை வெடிப்பு. 'சிமெண்ட் பொம்மை என்றாலே இப்படித்தான்' என்று பழி எங்கள் தொழில் மேல் விழுந்தது. இப்போது அந்த மாதிரி இடங்களில் தகடும் ஃபைபரும் மாட்டுகிறார்கள்.

கான்கிரீட்டிலேயே வடிவம் எடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். கான்கிரீட் வார்க்க அடைக்கும் பலகைக்குள் ரப்பர் அச்சு வைத்து வார்த்தால் சுவர் வார்க்கும்போதே கோலமும் கொடியும் வந்துவிடும். ஒட்டுவதும் இல்லை, விழுவதும் இல்லை. ஆனால் இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. அச்சின் பள்ளம் எவ்வளவு ஆழமோ, கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் அவ்வளவு குறைகிறது. அந்தக் கான்கிரீட் கனத்தைத்தான் மூடுதல் என்கிறோம். அதே ஐ.எஸ். 456 விதி கடலோரம் போன்ற கடுமையான சூழலுக்கு 45 மி.மீ. மூடுதல் கேட்கிறது. பள்ளத்தின் அடியில் அது 25 ஆகிவிட்டால் உப்புக் காற்று கம்பியைப் பிடிக்கும், துரு பருத்து கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஆகவே மூடுதலை மிக ஆழமான பள்ளத்திலிருந்து அளக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இதை வேலையிடத்தில் மேஸ்திரி தலையில் விடக்கூடாது.

கான்கிரீட்டை அழகாக விட முடியாது என்று யாராவது சொன்னால், புதுச்சேரியில் இருக்கும் கோல்கொண்டே விடுதியைப் போய்ப் பார்க்கட்டும். 1930களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைப்பில் தொடங்கிய கட்டடம், பூச்சில்லாத வெறும் கான்கிரீட், கடலுக்குப் பக்கத்தில், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சண்டிகர் நகரை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே அங்கே தன் குறியீடுகளைச் சுவர் வார்க்கும்போதே பதித்தார். இரண்டு இடத்திலும் பொறுமையாக, திட்டத்தோடு வார்த்திருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் சிற்பம் வேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை. பழைய அரசுப் பள்ளிகளின் மாடிப்படி ஓரத்தில் சிமெண்ட் ஜாலி இருக்கும். காற்று வரும், வெளிச்சம் வரும், வெயில் நேராக விழாது, சுவரில் நிழல் கோலம் போடும். இப்போது அந்த இடத்தில் அலுமினியமும் கண்ணாடியும் வருகின்றன, உள்ளே புழுங்குகிறது. ஜாலியை மீண்டும் கொண்டுவந்தாலே எங்களில் பலருக்கு வருடம் முழுக்க வேலை கிடைக்கும். அப்புறம், சன்ஷேடு அடியில் ஓரமாக ஒரு சிறு பள்ளம் இழுத்துவிட்டால் மழைத் தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டிவிடும். அரசுக் கட்டடங்களில் காணும் கறுப்புக் கறைகளில் பெரும்பகுதி அந்தப் பள்ளம் இல்லாததால் வந்தவை. தகரத்தில் வடிவம் வெட்டி ஈரச் சாந்தில் இழுத்து எடுக்கும் கார்னிஸ், அழகுக்கு மட்டுமல்ல, இந்தத் தண்ணீருக்காகவும்தான்.

பிரான்சு நாட்டில் 1951 முதல் பள்ளிக் கட்டடச் செலவில் 1 சதவீதத்தைக் கலை வேலைக்கு ஒதுக்கினார்கள். நாங்கள் சதவீதம் கேட்கவில்லை. ஜாலியும் கார்னிஸும் சதுர மீட்டரிலும் ஓட்ட மீட்டரிலும், உருவ வேலை எண்ணிக்கையிலும் அளக்கப்பட்டு, துறையின் விலை விகிதப் பட்டியலில் தனி அயிட்டமாக வர வேண்டும். தண்ணீர் விடும் நாளும் அதற்கான கூலியும் அந்த விகிதத்துக்குள் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் யாரைக் கொண்டு அந்த வேலையைச் செய்யப் போகிறார் என்று ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதி, வேலை தொடங்குமுன் ஒரு மாதிரிப் பலகை (அதே வேலையின் சிறு துண்டு) செய்து உதவி செயற்பொறியாளரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தப் பலகை வேலை முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் வேலையை அளந்து பில் போட வேண்டும். முன்வைப்புத் தொகை கட்டி நேரடியாக டெண்டர் போட எங்களிடம் வசதி இல்லை என்பதால் இந்த வழியைக் கேட்கிறோம்.

மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசே சிற்பக் கல்லூரி நடத்துகிறது. அங்கே சுதைச் சிற்பமும் கற்றுத் தருகிறார்கள். படித்து வரும் பிள்ளைகளுக்குக் கோயில் திருப்பணி தவிர அரசின் சொந்தக் கட்டடங்களிலும் இடம் இருக்க வேண்டும் அல்லவா? கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையில் எங்களில் பலர் கொத்தனார் என்றே பதிவாகியிருக்கிறோம். சுதை வேலை என்று தனியாகப் பதிய, தொழிலாளர் துறைக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் பெரிய உதவி.

முதல் படியாக, சிவகங்கை மாவட்டத்தில் அடுத்து கட்டப்படும் ஏதாவது ஒரு அரசுப் பள்ளிக் கட்டடத்தில் இதைச் செய்து பார்க்க உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஜாலிக்கும் கார்னிஸுக்கும் மாதிரிப் பலகைகளை எங்கள் கூலி இல்லாமலே செய்து தருகிறோம். பொருளும் இடமும் மட்டும் துறை கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுதை, சிமெண்ட் அலங்கார வேலைக் கலைஞர்கள்

இடம்: காரைக்குடி